ரசீதுத் தாளின் கனம்

கோப்பிக் கடை ரசீதைக்
குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி
நுனியிலிருந்து இழுத்து வருகிறார் ஹைருடின்.
வழுக்கிக்கொண்டு வந்த தாள்
பாதி வழியில் நிற்கிறது.
"சினி சங்குட்," என்கிறார். இங்கே மாட்டுது.
சுவா சூ காங்கில் அப்போதுதான் மழை பிடித்திருந்தது.

இந்த வால்நட் மரத்துக்கு
மழை இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடும்.
ஊதும், ஒரு மயிரிழை.
ஐம்பது மீட்டர் தள்ளி அந்த மயிரிழை
ஒன்பதாம் வளையத்தில், எட்டு மணித் திசையில் போய் விழும்.
மூன்று மாதமாய்
என் மூச்சைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை தோ பாயோவில், பொய்ப்பல் செய்வது.
முகம் தெரியாதவர்களின் ஈறுகள்
நீல டப்பாக்களில் வந்து சேரும்.
எங்கே அழுத்தினால் வலிக்கும்,
எங்கே ஆடினால் புண்ணாகும்,
விரல் சொல்லிவிடும்.
பிசினைக் கலக்கத் தெரியுமா என்று அவர் கேட்டபோது
எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில்
மரத்தைச் சுரண்டினோம், மூன்று மில்லிமீட்டர்.
ஓரமெல்லாம் டேப்.
துளைகளுக்குப் பிள்ளைகளின் களிமண்.
இரும்பின் மேல், ஹைருடின் மகனின்
பட்டாளச் சப்பாத்துக்கு வாங்கிய கறுப்பு பாலிஷ்,
மெல்லிசாய், இரண்டு முறை.
ஓரிடம் விடாமல் உட்கார வேண்டும்,
ஓரிடத்திலும் ஒட்டக் கூடாது.
இறக்கியதும் சாம்பல் நிறப் பிசின்
ஓரங்களில் பிதுங்கியது.
பஞ்சால் துடைத்தோம், பேசாமல்.

இறுக ஒரு ராத்திரி வேண்டும்.
கூட இருக்க முடியாது.
இந்த ஊரில் துப்பாக்கிக்கு இரவில் ஒரே விலாசம்:
இரும்புக் கதவு, இரண்டு சாவி, ஒரு பதிவேடு.
ஆறு நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

பேருந்தில் அட்டையைத் தேடிப்
பைக்குள் கைவிட்டால்
உருண்டையாய் ஏதோ.
களிமண்.
மூன்று துளைக்கு மூன்று உருட்டினேன்.
இதோ மூன்றாவது,
என் உள்ளங்கைச் சூட்டில் இளகிக்கொண்டு.

உள்குடைவு என்போம் எங்கள் தொழிலில்.
அதை மெழுகால் அடைக்காவிட்டால்
வார்ப்பு வாயைப் பூட்டிவிடும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பாடம்.
பத்தொன்பது வருடமாயிற்று.

மறுநாள் அது வரவில்லை.
திருகைக் கழற்றினோம், தட்டினோம், வரவில்லை.
ஹைருடின் என்னைப் பார்க்காமல்
மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது பெரிய உபகாரம்.
பிறகு, "குளிர்ந்தால் இரும்பு சுருங்கும்," என்றார்.
கேன்டீனுக்கு ஓடினேன்.
"ஐஸா? எத்தனை கோப்பிக்கு?" என்றார் கோ அக்கா.
ஒன்றுக்கும் இல்லை என்றேன்.
இரண்டு பை நிறையக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அரை மணி நேரம் ஐஸ்.
ரப்பர் சுத்தியல், ஒன்று, இன்னொன்று.
டொக்.

உள்ளே பார்த்தோம்.
இரும்பில் வெட்டியிருந்த எண்கள்
வலமிடமாய்ப் புரண்டு பதிந்திருந்தன.
அடைக்காத துளையில் முறிந்த ஒரு முளை.
அப்புறம் என் தலைமுடி ஒன்று, நரைத்தது,
பிசினுக்குள் நீளமாய்.
எடுக்கவா என்று சைகையில் கேட்டார்.
இருக்கட்டும்.

முளையைச் செதுக்கித் திருகை முறுக்கினோம்.
ரசீது இப்போது
நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை
எங்கும் நிற்காமல் வந்தது.
பின்பாதி ஒரு நூல்கூட அசையக் கூடாது,
முன்பாதியை எதுவும் தொடக் கூடாது.
அப்படி அமைந்த வீடொன்றை
நான் இன்னும் பார்க்கவில்லை.

மழை நிற்கவில்லை. படுத்தேன்.
ஐந்து தோட்டா.
நான்கு ஒரே ஓட்டையில்,
சுண்டு விரல் நகமளவு.
ஐந்தாவது ஒன்பதில், இரண்டு மணித் திசையில்.

"மரமா?" என்றார், தொலைநோக்கியிலிருந்து கண்ணெடுக்காமல்.
"இல்லை," என்றேன். "அது நான்."
சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ரசீதை நீவித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.
கோப்பி ஓ கொசோங் ஒன்று,
எழுத்து மங்கியிருந்தது.
அடுத்த துப்பாக்கி
புதன்கிழமை வருகிறதாம்.